ஆம், நான் கணக்குப் பார்க்கிறவன்தான்

முந்தாநாள் அந்தப் பதிவுக்குக் கீழே நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தன் மனைவி வேலையை விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டார். "முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, வீட்டில் யார் எத்தனை மணி நேரம் கொடுக்கப் போகிறீர்கள், யார் எதை விடப் போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள்" என்று எழுதினேன். அவ்வளவுதான். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'பெற்றவர்களுக்கே பில் போடுகிறவன்' என்று தலைப்பு வைத்துச் சுற்றவிட்டுவிட்டார்கள். வருடக்கணக்காகப் பழகியவர்கள்கூட அதற்கு லைக் போட்டிருந்தார்கள். அதுதான் வலிக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கணக்குப் போடவில்லை என்பதால் செலவு இல்லாமல் போய்விடாது. அது யாராவது ஒருவர் தலையில் விழும். பெரும்பாலும் மறுத்துப் பேச முடியாதவர் தலையில் விழும்.

பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒன்றைச் செய்யும்போது வேறு எதை விட்டுக்கொடுக்கிறோமோ, அதுதான் அதன் உண்மையான விலை. அது பணமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தூக்கமாக இருக்கலாம், முதுகுத் தண்டாக இருக்கலாம், ஐந்து வருடம் கழித்துத் திரும்பிப் போனால் காலியாக இல்லாத ஒரு நாற்காலியாக இருக்கலாம். கேள்வி கேட்டவர் 'மனைவி விடலாமா' என்றுதான் கேட்டார். 'நான் விடலாமா' என்று கேட்கவில்லை. அவ்வளவு பேர் கருத்துச் சொன்னீர்களே, ஒருவர் கண்ணிலாவது அது பட்டதா?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் 64 நாடுகளின் தரவை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையும் பராமரிப்பும் சேர்ந்து ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம். 200 கோடிப் பேர் தினமும் எட்டு மணி நேரம் கூலியில்லாமல் உழைப்பதற்குச் சமம். அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள் செய்வது. எந்த நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கிலும் இது வராது. 'பாசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது' என்று நீங்கள் சொல்லும்போது, அதைச் சொல்கிற வசதி யாருக்குக் கிடைத்திருக்கிறது என்றும் கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, எதிர்ப்புகளுக்கு வருகிறேன். ஒரு நண்பர் மரியாதையாகவே ஹைஃபா ஆய்வைச் சுட்டிக் காட்டினார். நியாயமான கேள்வி. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகளுக்கான பகல்நேரக் காப்பகங்கள் பத்தை எடுத்துக்கொண்டு, ஆறில் மட்டும், பிள்ளையைக் கூட்டிப் போகப் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை 'பாவம், அந்த ஆசிரியை காத்திருப்பாரே' என்று ஓடி வந்தவர்கள், காசு கட்டிவிட்டோமே என்று நிம்மதியாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இது. முதலில் படித்தபோது நானும் ஆடிப்போனேன். எதற்கும் விலைச்சீட்டு ஒட்டினால் சில உறவுகள் கெடும் என்பதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதைக் கண்டுபிடித்தவர்களும் பொருளியல்காரர்கள்தான், எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். நானும் விலை வைக்கச் சொல்லவில்லை. எழுதிப் பார்க்கத்தான் சொன்னேன். விலை வைப்பது வேறு, எண்ணிப் பார்ப்பது வேறு. இதை எத்தனை தடவை சொன்னாலும் மறுபடியும் அதே ஸ்கிரீன்ஷாட்!

'இதெல்லாம் மேற்கத்தியச் சிந்தனை' என்பவர்களுக்கு நிறையச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. போவது எது, வருவது எது, அதனால் பின்னால் கிடைப்பது எது என்று மூன்றையும் எண்ணிப் பார்த்துச் செய் என்று 461ஆம் குறள் சொல்கிறது. போய்ப் பாருங்கள்.

'கேரி பெக்கரின் சீடன்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். குடும்பம், குற்றம் என்று எல்லாவற்றுக்கும் பொருளியலை நீட்டியதற்காக 1992இல் நோபல் வாங்கியவர் அவர். தன் லாபம் மட்டுமே பார்க்கிற மனிதன் கிட்டத்தட்ட ஒரு மூடன் என்று 1977இல் எழுதிய அமர்த்தியா சென்னும் அதே துறையில் நோபல் வாங்கியவர்தான். இருவரில் யார் பக்கம் என்று கேட்டால் எனக்குச் சென்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

'உன் அம்மாவுக்குச் செய்வதற்கும் நோட்டுப் போட்டு எழுதுவாயா?' இந்த ஒன்றைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.

என் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா, சொல்கிறேன். பாட்டி பக்கவாதத்தில் விழுந்தபோது அம்மா ஓர் அலுவலகத்தில் கணக்கராக இருந்தார். வேலையை விட்டார். யாரும் விடச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சித்தப்பாக்கள் மாதம் ஒரு முறை வந்து, "அண்ணி இருக்கறதால எங்களுக்குக் கவலையே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆறு வருடம். அப்பா நல்லவர்தான், அவரும் அப்படியே நினைத்தார். நானும்.

படுக்கையில் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். அம்மா அதற்கு ஒரு நோட்டு வைத்திருந்தார். அலுவலகப் பழக்கம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார். நேரம் எழுதி, பக்கத்தில் 'இ' அல்லது 'வ'. இடது, வலது. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. அலாரம் அடிக்கிற சத்தம் பக்கத்து அறையில் எனக்கு நன்றாகக் கேட்கும். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வேன். பதினேழு வயது எனக்கு, பாட்டியைத் தூக்கும் அளவுக்குக் கையில் பலம் இருந்தது.

ஆம், அம்மா நோட்டுப் போட்டு எழுதினார். என் வீட்டில் எழுதியது அவர் ஒருவர்தான்.

அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி இந்தப் பதிவோடு ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடலாம் என்று புரட்டினேன். மனம் வரவில்லை. ஒரே ஒரு பக்கத்தில் நான்கு மணிக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். யோசிக்கவே இல்லை, உடனே சொன்னார்: "அன்னைக்கு அசந்து தூங்கிட்டேன்டா. மறுநாள்தான் குதிகால்ல சிவந்துச்சு." இத்தனை வருடம் கழித்தும் குரல் கம்மியது.

அன்றைக்கு அந்த வீட்டில் அம்மாவைத் தவிர நாங்கள் நான்கு பேர் படுத்திருந்தோம்.