என் பிறந்தநாளுக்குப் பிள்ளைகளின் பாடத்தை ஏன் நிறுத்தினீர்கள்?

கேக் வெட்டுவதற்காக ஒரு வகுப்பை ரத்து செய்தார்கள். என் பெயரைச் சொல்லி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல். ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிவிட்டது, இன்னும் வயிறு எரிகிறது. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

கம்போடியாவில் சியம் ரீப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கோர் வாட் பார்க்க உலகமே வந்து இறங்கும் ஊர் சியம் ரீப். அங்கிருந்து டுக்-டுக்கில் அரை மணி நேரம் போனால் செம்மண் சாலை, வயல், தகரக் கூரை போட்ட மூன்று அறைகள். அங்கேதான் மூன்று மாதம் தன்னார்வலராக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். சம்பளம் கிடையாது. தங்கவும் சாப்பிடவும், வகுப்புகளை நடத்துகிற அமைப்புக்கு நான்தான் பணம் கட்டினேன். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, தெரிந்துதான் போனேன்.

அங்கே அரசுப் பள்ளி பெரும்பாலும் அரை நாள்தான். காலை ஷிப்ட், இல்லையென்றால் மதிய ஷிப்ட். மிச்ச அரை நாளில் பிள்ளைகளுக்கு வயல் வேலை இருக்கும், மாடு இருக்கும், தூக்கி வைத்துக்கொள்ள ஒரு தம்பி இருப்பான். அதிலிருந்து ஒரு மணி நேரத்தைப் பிய்த்துக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள். என் வகுப்பு மாலை 4 முதல் 5 வரை. சிலர் நான்கு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருவார்கள். ஆங்கிலம் பேசத் தெரிந்தால் பிள்ளைக்கு நகரத்து ஓட்டலில் வேலை கிடைக்கும் என்று நம்பித்தான் வீட்டில் அனுப்புகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தின் அருமை அந்த அம்மா அப்பாவுக்குத் தெரிகிறது. நடத்துகிற அமைப்புக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க இறந்தகால வினை நடத்தியிருந்தேன். வெள்ளிக்கிழமை சின்னதாக ஒரு தேர்வு என்று திங்கட்கிழமையே சொல்லிவிட்டேன். வெள்ளி மாலை நான் உள்ளே நுழைகிறேன், பெஞ்சுகள் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பலூன். காகிதத் தொப்பி. நடுவில் மேசை, மேசை மேல் கேக். மெழுகுவத்தி அணைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதம், மழைக்கு முந்தைய புழுக்கம், தகரக் கூரை. 23 பிள்ளைகள் வேர்த்து ஒழுக நிற்கிறார்கள். கிரீம் உருகி அட்டையில் வழிகிறது.

முதல் வரிசையில் நின்ற பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். கையில் நோட்டு. தேர்வுக்காக ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் கீழே பென்சிலில், அவர்கள் மொழியான கெமர் எழுத்தில் அர்த்தம். (அந்த எழுத்தே நம் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து பிறந்ததுதான்; அதன் வளைவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ சொந்தம் போலவே இருக்கும்.) "நெக் க்ரூ, தேர்வு?" என்று கேட்டாள். நெக் க்ரூ என்றால் டீச்சர். நம் 'குரு'தான் அங்கே 'க்ரூ'. நான் பதில் சொல்வதற்குள் அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் அவள் கையிலிருந்த நோட்டை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, தலையில் தொப்பியை மாட்டினார். "நாளைக்கு" என்றார். நாளைக்குச் சனிக்கிழமை. எங்களுக்கு வகுப்பே கிடையாது!

பாட்டு ஆரம்பித்தது. ஒரு பிள்ளைகூடப் பிசகவில்லை. எப்படிப் பிசகும்? அங்கே தன்னார்வலர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், இரண்டு வாரம், மூன்று வாரத்துக்கு மேல் பெரும்பாலானவர்கள் இருப்பதில்லை. நான் இருந்த மூன்று மாதத்தில் மட்டும் ஆறு பிறந்தநாள், ஆறு கேக். வருகிற ஒவ்வொருவரும் ஏ ஃபார் ஆப்பிளில் தொடங்கி, நிறங்களின் பெயர் வரைக்கும் போய், கிளம்பிவிடுகிறார்கள். அடுத்தவர் வந்து மறுபடியும் ஆப்பிள். இரண்டு வருடமாக வருகிற பையனுக்குப் பிறந்தநாள் பாட்டு தண்ணீர் பட்ட பாடு. "நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் விழிக்கிறான். அவன் மேல் என்ன தப்பு?

சரி, அந்தப் பிள்ளைகளின் பிறந்தநாள் என்றைக்கு என்று யாராவது கேட்டார்களா? நான் கேட்டேன். பாதிப் பேர் தேதி சொன்னார்கள். அந்தப் பெண் யோசித்துவிட்டு "முயல் வருடம்" என்றாள். அங்கே பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் வருடங்கள் சுற்றிவரும், பல வீடுகளில் வயதுக் கணக்கே அதுதான். அவள் பாட்டிக்குத் தேதி என்று எதுவுமே இல்லையாம். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள், படித்தவர் என்றும் வாத்தியார் என்றும் தெரிந்தாலே கொன்றார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் அந்தக் கிராமத்தில் உயிரோடு இருக்கிறார்கள். அந்த மண்ணில் வந்து நின்றுகொண்டு ஒரு பாடவேளையை இவ்வளவு லேசாகத் தூக்கி எறிய எப்படி மனது வருகிறது?

நம் ஊரிலும் பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் உண்டு. கலர் டிரெஸ், ஒரு பாக்கெட் ஆசை சாக்லேட். பிறந்தநாள் பிள்ளைதான் எல்லோருக்கும் கொடுக்கும். ஒரு கைதட்டல். "சரி, நாற்பத்திரண்டாம் பக்கம் எடுங்க." ஐந்தே நிமிடம். நானும் அன்றைக்குக் காலையில் சந்தையில் மிட்டாய் வாங்கிப் பையில் வைத்திருந்தேன், தேர்வு முடிந்ததும் கொடுக்கலாம் என்று. அந்த மிட்டாய் பையிலேயே இளகிப்போனது.

கேக் விலை 18 டாலர். பில்லைப் பார்த்தேன். அங்கே ஒரு டாலர் ஏறக்குறைய 4,000 ரியல். பிள்ளைகளுக்கு நாங்கள் வாங்கும் எழுதுகிற நோட்டு 2,000 ரியல். அந்தக் கேக்கில் 36 நோட்டு. பழைய நோட்டின் எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்து எடுத்து வருகிற பிள்ளைகள் என் வகுப்பில் நான்கு பேர்.

அன்றைக்கு நடந்ததில் மிகவும் மோசமானது படம் எடுத்ததுதான். ஏறக்குறைய நாற்பது நிமிடம். இப்படி நில், கட்டிப்பிடி, டீச்சருக்குக் கேக் ஊட்டு, சிரி, இன்னொரு தடவை சிரி. அன்று இரவே அமைப்பின் பக்கத்தில் படங்கள் வந்துவிட்டன, கீழே நன்கொடை கேட்டு வாசகம். அந்தப் பெண்ணின் முகம் பெரிதாக, கன்னத்தில் கிரீமோடு. அவள் அம்மாவிடம் யார் அனுமதி கேட்டது? குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல என்று ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு கம்போடியாவில் 2011-லேயே பிரசாரம் தொடங்கியது. அப்புறமும் இதுவா?

ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே பாராட்டு மழை. "எவ்வளவு பாசமான பிள்ளைங்க", "குடுத்து வெச்சவ". அந்தப் பிள்ளைகள் பாசமானவர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. பாசமாக இருக்கிறார்கள் என்பதற்காகத்தானே பேசாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றார்கள்! அவர்கள் முகம் சுளித்திருந்தால் யாராவது நிறுத்தியிருப்பார்கள்.

நானும் அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். மின்விசிறியைப் போட்டு, பெஞ்சை இழுத்துப் போட்டு, நோட்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். 23 பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய் வரவில்லை. திங்கட்கிழமை தேர்வை வைத்தேன். அன்றைக்குப் பாதிப் பேர் நாற்று நடப் போய்விட்டார்கள், அவளும்தான்.

கிளம்புவதற்கு முன் ஒருங்கிணைப்பாளரிடம் உட்கார்ந்து பேசினேன். பிறந்தநாளே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாடம் முடியட்டும், 5 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், இருக்கிறவர்கள் இருக்கட்டும், போகிறவர்கள் போகட்டும் என்று மட்டும் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மழைக்காலத்தில் 5 மணிக்கு மேல் அறைக்குள் வெளிச்சம் போதாதாம். படம் நன்றாக வராதாம்.