கெட்ட வார்த்தைக்கு கிலோ என்ன ரேட்டு?

(கிருஷ்ணகிரி மாவட்டம், சந்தூர் பக்கம் ஒரு மாந்தோப்பு. ராஜம்மா அக்கா கிரேட்ல காய் அடுக்கிக்கிட்டு இருக்காங்க. முருகேசன் பைக்க நிறுத்தறதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சிட்டான்.)

முருகேசன்: அக்கா, நீங்க சொன்ன மாதிரியே ஆறு பேர தூக்கிட்டேன்!

ராஜம்மா: யார தூக்குன? எங்க வெச்சிருக்க? ஏன்டா, ஆள தூக்கற அளவுக்கு எப்படா போன?

முருகேசன்: ஐயோ, குரூப்ல இருந்துக்கா. நம்ம மா விவசாயிங்க வாட்ஸப் குரூப்பு. நேத்து நீங்கதான போட்டீங்க, "இந்த அசிங்கத்த எல்லாம் பாத்துக்கினு சும்மா இருக்கீங்களே, வெக்கமா இல்லயா"ன்னு. எனக்கு நைட்டு தூக்கமே வரல. நம்ம அக்காவே இப்படி கேக்கற அளவுக்கு குரூப்பு நாறிப்போச்சேன்னு காலைல எந்திரிச்சு மொத வேலையா கெட்ட வார்த்த போட்டவன் எல்லாத்தையும் ரிமூவ் பண்ணிட்டேன்.

ராஜம்மா: நான் ரேட்ட சொன்னேன்டா.

முருகேசன்: எந்த ரேட்ட?

ராஜம்மா: பெங்களூரா மாங்கா ரேட்ட! 2025 சீசன்ல ஆந்திராக்காரனுக்கு மாங்கூழ் கம்பெனி 8 ரூபா, கவர்மெண்ட் 4 ரூபா, ஆக மொத்தம் கிலோ 12 ரூபான்னு செய்தி வந்துச்சே, அத போட்டேன். இங்க நமக்கு 4 ரூபா. பறிக்கற கூலி, ஏத்தற கூலி, லாரி வாடகை எல்லாம் போனா கையில மாங்கா பாலு பட்ட புண்ணுதான் மிச்சம். அதத்தான்டா அசிங்கம்னேன். இத விட அசிங்கமா ஒரு வார்த்த உனக்கு தெரியுமா?

முருகேசன்: தெரியும்க்கா, லிஸ்ட்டே எழுதி வெச்சிருக்கேன்.

ராஜம்மா: லிஸ்ட்டா?

முருகேசன்: தடை செய்யப்பட்ட வார்த்தைகள்னு. ஆனா அத குரூப்புல போட முடியல. போட்டா நானே ரூல்ஸ மீறுன மாதிரி ஆவுது. பீரோல வெச்சிருந்தேன், எம்பொண்டாட்டி எடுத்துப் படிச்சிட்டு "யாருக்கு லெட்டர் எழுதறீங்க"ன்னு கேட்டா.

ராஜம்மா: சரி, யாரு யாரு அந்த ஆறு பேரு?

முருகேசன்: லாரிக்காரரு, அப்புறம் மருந்தடிக்கிறவரு, போச்சம்பள்ளி பெரியவரு ஒருத்தரு...

ராஜம்மா: பெரியவரா? அவரு வாயில இருந்து ஒரு வார்த்த வந்து நான் கேட்டதே இல்லயே.

முருகேசன்: அசிங்கமா ஆரம்பிச்சாருக்கா. "பீ"ன்னு வந்துச்சு, மிச்சத்த நான் படிக்கவே இல்ல.

ராஜம்மா: அடப்பாவி, அது பீத்தர்டா! பீத்தர் என்ன ரேட்டு போவுதுன்னு கேட்டிருப்பாரு. மாங்கா குரூப்புல மாங்கா பேர சொன்னதுக்கு ஆள வெளிய தள்ளியிருக்க. நாளைக்கு எவனாச்சும் மல்கோவான்னு போட்டா அதுக்கும் தூக்குவியா?

முருகேசன்: மல்கோவாவ லிஸ்ட்ல பாத்துட்டுதான் சொல்லணும்.

(நானும் அந்த குரூப்லதான் இருக்கேன். அட்மின் ஒரு மெசேஜ அழிச்சா "அட்மின் அழித்துவிட்டார்"னு ஒரு வரி நிக்கும் பாருங்க, அதுக்கு கிடைக்கற மரியாதை வேற எந்த மெசேஜுக்கும் கிடையாது. அழிக்கறதுக்கு முன்னாடி நாலு பேரு பாத்திருப்பான், அழிச்சப்புறம் முந்நூறு பேரும் "என்ன போட்டான், என்ன போட்டான்"னு தனியா கேக்கறான்.)

ராஜம்மா: அப்ப அந்த வேப்பனப்பள்ளி ஆளு? தெலுங்குல அப்படி வாரி விட்டாரே, அவர தூக்கலயா?

முருகேசன்: அது திட்டா? வாழ்த்துன்னு நெனச்சு நான் தம்ஸப் போட்டேன்க்கா.

ராஜம்மா: தம்ஸப்பா! அவரு பரம்பரையையே இழுத்திருந்தாருடா.

முருகேசன்: நம்ம ஊருல தமிழு, தெலுங்கு, கன்னடம், உருதுன்னு நாலு பாஷையில திட்டறாங்க, நான் ஒருத்தன் எத்தனைய பாக்கறது? வாய்ஸ் மெசேஜ் வேற. அதெல்லாம் நான் கேக்கறதே இல்ல, டேட்டா போயிரும்.

ராஜம்மா: நல்லா மிச்சம் புடிச்ச. போன வாரம் இதே எடத்துல காய் அடுக்கிக்கினு இருக்கேன், கையெல்லாம் பாலு. ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. சொட்டுநீர் மானியம் பத்தி இருக்கும்னு முழங்கையால தட்டி ஸ்பீக்கர்ல போட்டேன். பக்கத்துல என் மருமக, இந்தப் பக்கம் அவங்கம்மா, எதிருல கூலிக்கு வந்த பொண்ணுங்க நாலு பேரு. அவன் மண்டிக்காரன்ல ஆரம்பிச்சு மண்டிக்காரன் அம்மாவுக்கு வந்து அங்கயே நின்னுட்டான். நகரவே இல்ல. பாலு கையோட நிறுத்தவும் முடியல. சம்பந்தியம்மா என்னயப் பாக்கறாங்க, நான் மாமரத்த பாக்கறேன்.

முருகேசன்: அதத்தான்க்கா நானும் சொல்றேன், கட்டுப்பாடு வேணும். சட்டமே இருக்குது. முன்ன இந்திய தண்டனைச் சட்டத்துல 294(பி)ன்னு இருந்துச்சு, 2024 ஜூலைல இருந்து புதுச் சட்டத்துல 296. பொது எடத்துல ஆபாசமா திட்டுனா மூணு மாசம் வரைக்கும் உள்ள, இல்லன்னா 1,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்லன்னா ரெண்டும்.

ராஜம்மா: 1,000 ரூபாயா? நாலு ரூபா மேனிக்கு 250 கிலோ. ஒரு மனுசன் ஒரு தடவ வாய தொறக்கறதுக்கு கால் டன் பெங்களூரா விக்கணுமா?

முருகேசன்: திட்டுனவன் கட்டட்டும்க்கா. ஆனா அட்மினதான புடிச்சிக்கினு போவாங்கன்னு சொல்றாங்க.

ராஜம்மா: என் தங்கச்சி பையன் வக்கீலுக்குப் படிக்கறான், அவன்கிட்ட கேட்டேன். வெறும் அட்மினா மட்டும் இருந்திருந்தா கேஸ்ல இருந்து பேர எடுத்துடணும்னு 2021லயே மதுரை ஹைகோர்ட் கிளை சொல்லிருச்சாம். உன்ன யாரும் புடிக்க மாட்டாங்க, பயப்படாத.

முருகேசன்: (கொஞ்சம் ஏமாற்றமா) அப்படியா? சரி, அத விடுங்க. தினமும் காலைல வள்ளுவர் படம் போட்டு, கனி இருக்கறப்ப காயத் தின்னாதீங்க, நல்ல வார்த்த பேசுங்கன்னு போடறனே, ஒருத்தனும் மதிக்கறதில்ல.

ராஜம்மா: காய வித்து சோறு திங்கற குரூப்புல காயத் தொடாதன்னு போட்டா எவன்டா மதிப்பான்?

முருகேசன்: அப்ப என்னதான்க்கா சொல்றீங்க? திட்டலாங்கறீங்களா, கூடாதுங்கறீங்களா?

ராஜம்மா: நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரேட்டு போட்டது யாரு?

முருகேசன்: கம்பெனிக்காரன்.

ராஜம்மா: திட்டு வாங்கறது யாரு?

முருகேசன்: கம்பெனிக்காரனோட... அம்மா.

ராஜம்மா: அவங்க அம்மாவா ரேட்டு போட்டாங்க?

முருகேசன்: இல்லக்கா.

ராஜம்மா: லாரி லேட்டா வந்தா டிரைவரோட அம்மா. மருந்து போலின்னா மருந்து வித்தவனோட அக்கா. மழ வரலன்னா மழைக்கு அம்மா இல்லாததால தப்பிச்சுது. அந்தம்மா எங்கயோ ரேஷன் கடை வரிசையில நின்னுக்கினு இருக்கும்டா, அதுக்கு பெங்களூரான்னா என்னன்னே தெரியாது. திட்டணும்னு வயிறு எரிஞ்சா ரேட்டு போட்டவன திட்டு, அவன் தராச திட்டு, பில்லுல கழிக்கறான் பாரு அழுகல் கழிவுன்னு, அந்தக் கழிவ திட்டு, நானும் கூட வந்து ரெண்டு போடறேன். நம்ம குரூப்புல பொம்பளைங்க எத்தன பேரு இருக்கோம்?

முருகேசன்: இருபது பேரு இருப்பீங்க.

ராஜம்மா: எத்தன பேரு பேசறாங்க?

முருகேசன்: நீங்க மட்டுந்தான். அவங்களுக்கு நேரம் இருக்காதுன்னு நெனச்சேன்.

ராஜம்மா: நெனப்ப நெனப்ப. நான் பேசுனதுக்கு என்ன பதில் வந்துச்சுன்னு பாத்தியா? எடு போன. நேத்து ரேட்டு மெசேஜுக்குக் கீழ, படி.

முருகேசன்: (படிக்கிறான்) "மதிப்பிற்குரிய சகோதரிக்கு வணக்கம். மாந்தோப்பு விவகாரங்களை ஆண்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தாங்கள் ஊறுகாய் போடும் முறையைப் பதிவிட்டால் அனைவருக்கும் பயனுள்ளதாக இருக்கும்." கும்பிடு, ரோஜாப்பூ, தேசியக்கொடி. இதுல ஒரு கெட்ட வார்த்தகூட இல்லயேக்கா, சுத்தத் தமிழு!

ராஜம்மா: அதுக்கு ஹார்ட் போட்டது யாரு?

முருகேசன்: ...தமிழு நல்லா இருந்துச்சுன்னு போட்டேன்.

ராஜம்மா: எம்வீட்டுக்காரு போனப்புறம் இந்தத் தோப்புக்கு மருந்தடிச்சது யாரு, கவாத்து பண்ணது யாரு, நைட்டு லாரி மேல ஏறி தார்ப்பாய் கட்டுனது யாரு? அந்த லாரிக்காரன் வாயில எப்பவும் அசிங்கம்தான், ஆனா ஊறுகா போடுன்னு அவன் எங்கிட்ட சொன்னதில்ல. அவன தூக்கிட்ட, இவருக்கு ஹார்ட் போட்டிருக்க. ரூல்ஸ்னா இவரயும் தூக்கு.

முருகேசன்: அவர எப்படிக்கா தூக்கறது? அவரு என் மாமனாரு.

ராஜம்மா: லிஸ்ட்ல அது இல்லயா, மாமனாருக்கு விலக்குன்னு?

முருகேசன்: (வேர்த்துப்போய்) தூக்க வேணாம்க்கா, அவருக்கு மட்டும் தனியா ஒரு வார்னிங் போட்டுடறேன். மரியாதையா. "அன்புள்ள மாமா அவர்களுக்கு, தங்கள் பதிவு பெண் உறுப்பினர்களின் மனம் புண்படும்படி உள்ளது. குழு விதிப்படி இது தங்களுக்கு முதல் எச்சரிக்கை." போதுங்களா? கும்பிடு போடறேன். ரோஜாப்பூ போடறேன். அனுப்பிட்டேன்.

(ரெண்டு நீல டிக் விழுந்த கையோட போன் அடிக்குது. பதட்டத்துல ஸ்பீக்கர்ல கை பட்டுருச்சு. சுத்தத் தமிழ் மாமனாரு பேசறாரு. என்ன பேசறாருன்னு இங்க எழுத முடியாது, ஆனா முருகேசன் பீரோல இருக்கற லிஸ்ட்ல பாதி வந்துருச்சு, லிஸ்ட்ல இல்லாததும் மூணு வந்துச்சு. கிரேட்டுக்குப் பக்கத்துல இருந்த பொண்ணுங்க எல்லாம் கைய நிறுத்திட்டாங்க.)

ராஜம்மா: யாரடா திட்டறாரு?

முருகேசன்: (போனைப் பொத்திக்கிட்டு) எங்கம்மாவக்கா.

ராஜம்மா: உங்கம்மாவா ரூல்ஸ் போட்டாங்க? சொல்லுடா, வாயத் தொற!

முருகேசன்: (போன்ல) இல்லீங்க மாமா... ஆமாங்க மாமா... அம்மா வீட்டுலதான் மாமா இருக்காங்க, அவங்க குரூப்புலயே இல்லீங்க மாமா, அட்மின் நான்தானுங்க மாமா...