ஏழரை பேஸுக்கு எதுக்கு ஷூ?

நம் சிங்கப்பூர் ஓட்டக் குழுவில் இருக்கிறவர்களுக்கு என்ன விஷயம் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட, எடை குறைந்த மூன்று ஓட்ட ஷூக்களின் ஒப்பீடும், அதற்குக் கீழே குழுவில் ஒரு தம்பி எழுதியதும், அதற்கு வரிசையாக விழுந்த சிரிப்பு முகங்களும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. “அக்கா, ஏழரை பேஸுக்கு எதுக்கு லைட்வெயிட் ஷூ, சிலிப்பரே போதுமே. ஏழரைச் சனி ஷூ மாத்தினா போயிடுமா?”

சரி. ஏழரை என்பது என் பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டர் ஓட எனக்கு ஏழரை நிமிடம். சனி வசனத்துக்கு நானும்தான் சிரித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார். சிரித்து முடித்த பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பத்து கிலோமீட்டர் ஓட எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நிமிடத்துக்கு 160 அடி வைக்கிறேன், ஆக மொத்தம் 12,000 அடி. தம்பியின் பேஸ் 5:20 என்று அவரே தினமும் ஸ்கிரீன்ஷாட் போடுகிறார். நிமிடத்துக்கு 175 அடி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அவருக்கு 9,000 சொச்சம்தான் வரும். அதே தூரத்துக்கு அவரைவிட 2,500 தடவைக்கு மேல் நான் ஷூவைத் தூக்கி வைக்கிறேன். இதில் யாருக்கு எடை குறைந்த ஷூ வேண்டும்? மெதுவாக ஓடுகிறவள்தான் ஷூவை அதிக நேரம் சுமக்கிறாள். இது புரிவதற்கு விளையாட்டு அறிவியல் படிக்க வேண்டியதில்லை.

விளையாட்டு அறிவியல்தான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. ஒரு ஷூவில் நூறு கிராம் கூடினால் ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடும் என்பது பல வருடமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு சதவீதம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். உங்களுக்கு அது நேரம். எனக்கு அது கடைசி இரண்டு கிலோமீட்டரில் நடப்பதா ஓடுவதா என்ற கேள்வி.

2023 பெர்லின் மாரத்தானில் எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா 2:11:53 ஓடிப் பெண்களுக்கான உலக சாதனை வைத்தார். அவர் காலில் இருந்தது 138 கிராம் அடிடாஸ், விலை 500 அமெரிக்க டாலர். அப்போது நம் குழுவில் எத்தனை நாள் அதே பேச்சு! அடிப்பாகத்து ஃபோம் என்ன, உள்ளே இருக்கும் கார்பன் தட்டு என்ன, நம் கடைகளுக்கு வருமா, வந்தால் எத்தனை சிங்கப்பூர் வெள்ளி என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஆண்கள் எல்லாரும் அலசினீர்கள். “நீங்கள் என்ன அசெஃபாவா?” என்று யாராவது கேட்டோமா? அவர் கிலோமீட்டருக்கு 3:08 அளவில் ஓடினார். தம்பிக்கு 5:20. எனக்கு 7:30. கழித்துப் பாருங்கள், தம்பி ஏறக்குறைய சரிபாதியில் நிற்கிறார். அசெஃபாவிடமிருந்து அவர் எவ்வளவு தூரமோ, அவரிடமிருந்து நானும் அவ்வளவு தூரம்தான். தம்பி பேசினால் ஆர்வம், நான் பேசினால் சனி.

அந்த ஒப்பீட்டில் நான் எழுதியதை எத்தனை பேர் படித்தீர்கள் என்று தெரியவில்லை. சிரிப்பு முகம் போடப் படிக்க வேண்டியதில்லையே. நான் போட்டுப் பார்த்தது சாக்கனி கின்வாரா, நியூ பேலன்ஸ் ரெபெல், சாக்கனி எண்டோர்ஃபின் ஸ்பீட். நான் போட்ட கின்வாராவில் குதிகாலுக்கும் முன்காலுக்கும் உயர வித்தியாசம் நான்கு மில்லிமீட்டர். தரை நன்றாகத் தெரியும், கெண்டைக்கால் மறுநாள் பேசும். ரெபெல் மெத்தென்று இருக்கும், ஆனால் வளைவில் திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் ஆட்டம் கொடுத்தது. ஸ்பீடில் எட்டு மில்லிமீட்டர், உள்ளே நைலான் தட்டு. கார்பன் தட்டு அளவுக்கு விறைப்பு இல்லாததால் மெதுவாக ஓடினாலும் உறுத்துவதில்லை. என் பேஸுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். இந்தத் தகவல் யூடியூபில் கிடைக்காது. அங்கே பேசுகிறவர்கள் எல்லாரும் நாலரையில் ஓடுகிறவர்கள். ஏழரையில் எப்படி இருக்கிறது என்று ஏழரையில் ஓடுகிறவள்தானே சொல்ல முடியும்?

இதில் நம் ஊர் விஷயமும் இருக்கிறது. வெளிநாட்டு விமர்சகர்கள் குளிரில் ஓடுகிறார்கள். நாம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவில் காலை ஆறரைக்கே தொப்பலாக நனைந்துவிடுகிறோம். அரை மணி நேரத்தில் வியர்வை காலுறை வழியாக இறங்கி ஷூவுக்குள் சளக் சளக் என்று சத்தம் வரும். லாங் ரன் முடிந்து வந்த ஷூவை வீட்டில் மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பாருங்கள், பெட்டியில் போட்ட எடையெல்லாம் கதை என்று தெரியும். அதனால் மேல்துணி தண்ணீரைப் பிடித்து வைக்கிறதா, விடுகிறதா என்பதை நான் முதலில் பார்ப்பேன். அடுத்தது பிடிமானம். எடையைக் குறைக்க அடிப்பாகத்து ரப்பரைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், வெறும் ஃபோம் தரையில் படுகிறது. காலாங் பக்கம் மழை விட்ட கையோடு ஓடும்போது, பெயர் சொல்லப் போவதில்லை, வேறொரு ஷூ என்னைச் சாக்கடை மூடியின் மேல் வழுக்கிவிட்டு முழங்கையைத் தேய்த்தது. இதையும் எழுதியிருந்தேன். அதற்கு ஒரு அனுதாப முகம்கூட விழவில்லை.

“எடை குறைந்த ஷூ காயத்தில் கொண்டுபோய் விடும், புதியவர்களுக்குச் சொல்லலாமா?” என்று ஒருவர் தனியாகக் கேட்டார். நியாயமான கேள்வி. உயர வித்தியாசம் குறைந்தால் குதிகால் தசைநாணுக்கும் கெண்டைக்கும் வேலை கூடும். திடீரென்று மாறக் கூடாது, வாரத்தில் ஒரு குறுகிய ஓட்டத்துக்கு மட்டும் போட்டுப் பழக வேண்டும். அந்த ஒப்பீட்டின் மூன்றாவது பத்தியில் அப்படியே இருக்கிறது, படித்திருக்கலாம்.

“அபெபே பிகிலா வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கலையா?” என்று இன்னொருவர். வாங்கினார் அந்த எத்தியோப்பியர், 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தான், 2:15:16. அதே பிகிலா 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு 2:12:11 ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார். அதை ஏன் யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை?

“கம்பெனிக்காரன் காசு பிடுங்குகிறான்” என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. அவர்கள் மணிக்கட்டில் என்ன கடிகாரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

“ஜாலிக்குத்தானே சொன்னேன், அக்காவுக்கு ஏன் இவ்வளவு கோபம்?” கோபம் இல்லை தம்பி. கொஞ்சம் பழைய கணக்கு. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் பள்ளி நெடுந்தூர ஓட்டம் நடந்த நாளில் என் காலில் இருந்தது வெள்ளை கேன்வாஸ் ஷூ. எல்லாரும் அதைத்தான் போட்டிருந்தோம். முதல் நாள் மழை, மண்பாதை முழுக்கச் சேறு. கேன்வாஸ் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் காலில் கல்லைக் கட்டிவிட்டது போல ஆகிவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது ஆசிரியர் முடிவுக்கோட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “நீ இன்னும் வரலையா?” என்று கேட்டார். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள், ஜாலிக்குத்தான். அதற்குப் பிறகு நாற்பது வயது தாண்டும்வரை நான் பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை.

ஷூவைப் பற்றி ஆரம்பித்தேன், எங்கேயோ போகிறது. பரவாயில்லை, போகட்டும். ஞாயிறு காலைக் குழுப் படங்களைப் பாருங்கள். மெதுவாக ஓடுகிற நாங்கள் நாலைந்து பேர் எத்தனை படத்தில் இருக்கிறோம்? வருவதற்குள் படம் எடுத்து முடிந்திருக்கும், பிராட்டாவும் ஆர்டர் கொடுத்தாயிற்று. வேகமாக வருகிறவர்களைக் காத்திருக்கச் சொல்லவில்லை, அவர்களுக்கும் பசிக்கும். ஆனால் “எல்லா பேஸும் வரலாம்” என்று அறிவிப்பில் எழுதுகிறீர்களே, அந்த வரியை எடுத்துவிடுங்கள். அல்லது நாங்களும் ஷூ பேசுவோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைகளிலும் இதே கதைதான். “ஆன்ட்டி, வாக்கிங்குக்கா?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஓடுவதற்கு என்று சொன்னதும் எடை மிகுந்த, குஷன் மிகுந்த ஒன்றை எடுத்து வருவார்கள். என் கால் அகலம். பெண்கள் ஷூவில் சாதாரண அகலம் பி, ஆண்கள் ஷூவில் அதைவிட அகலமான டி. அதனால் ஆண்கள் அளவில் ஒன்றரை குறைத்துப் போட்டுப் பார்ப்பேன். “அது ஆண்களுக்கு” என்று கடைப் பையன் எனக்குப் பாடம் எடுப்பான். மாலையில்தான் போவேன், கால் வீங்கியிருக்கும் நேரம். என் காலுறையோடுதான் போடுவேன். கார்பெட்டில் நாலு அடி நடந்துவிட்டு முடிவு சொல்ல மாட்டேன், வெளி நடைபாதையில் ஓடிப் பார்க்கலாமா என்று கேட்பேன். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஒன்றேகால் மணி நேரம் அதைச் சுமக்கப்போவது அவர்கள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவை நீக்கச் சொல்லி இரண்டு பேர் நல்ல மனதோடு கேட்டார்கள். நீக்க மாட்டேன். நாளை மாலை குவீன்ஸ்வே ஷூ கடைகளுக்குப் போகிறேன், அடுத்த ஒப்பீடு இந்த வாரக் கடைசியில் வரும். கின்வாரா ஆண்கள் அளவில் அகலமாக எந்தக் கடையில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். உங்கள் பேஸ் என்ன என்று கேட்க மாட்டேன்.