ஆர்கான் தீர்ந்த ராத்திரி

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் காந்தம் இழுத்து விளையாடாத பிள்ளைகள் எங்கள் காலத்தில் குறைவு. பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு போனால் கரும்பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். இந்தக் கரை மணலில், அருமண் (rare earth) எனப்படும் உலோகத் தனிமங்கள் அடங்கிய மோனசைட் கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடித்தார். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது. இன்றைக்கும் காந்தம் என்று பேச்செடுத்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மணல், அருமண், அதைச் சுற்றிய தகராறு, இவைதான் ஞாபகம் வரும்.

நான் சொல்ல வந்தது அருமண்ணே தேவைப்படாத ஒரு காந்தத்தைப் பற்றி.

டெட்ராசயனோஎத்திலீன் என்று ஒரு கரிம மூலக்கூறு. அதில் இருப்பது கார்பனும் நைட்ரஜனும் மட்டும். அதை வனேடியம் என்ற உலோகத்தோடு சேர்த்து, அறை வெப்பநிலையிலேயே காந்தமாக நிற்கும் ஒரு பொருளை 1991இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஜோயல் மில்லர், ஆர்தர் எப்ஸ்டைன் குழுவினர் செய்துகாட்டினார்கள். அதற்குச் சில வருடம் முன்பு மில்லர் செய்த கரிமக் காந்தம் 4.8 கெல்வினுக்குக் கீழே, திரவ ஹீலியக் குளிரில்தான் காந்தமாக இருந்தது. அங்கிருந்து இது எவ்வளவு பெரிய தாவல் என்று பாருங்கள். 2000 வாக்கில் இதையே ஆவியாக வரவைத்து மெல்லிய படலமாகப் படியவைத்தார்கள். அதற்கு 50 டிகிரி செல்சியஸ் அளவு சூடு போதும்.

இந்த 50 டிகிரி ஏன் முக்கியம்? மொபைல் டவரிலும் ரேடாரிலும் சிக்னலை ஒரே திசையில் மட்டும் போகவிடும் பாகங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் காந்தப் பொருள் வேண்டும். உயர் அதிர்வெண் வேலைக்குப் பெயர் பெற்றது இட்ரியம் இரும்பு கார்னெட் என்ற படிகம். 1956இல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த வருடமும் அதுதான். அருமையான பொருள், சந்தேகமே இல்லை. ஆனால் தரமான படலம் வளர்க்க கடோலினியம் காலியம் கார்னெட் என்ற தனிப் படிகம் அடியில் வேண்டும், பல நூறு டிகிரி சூடும் வேண்டும். சிப்பில் ஏற்கெனவே போட்டிருக்கும் உலோகக் கம்பிகள் அந்தச் சூட்டைத் தாங்காது. கரிமப் படலமோ சாதாரணக் கண்ணாடியிலும் சிலிக்கானிலும் உட்கார்ந்துவிடும்.

தரத்திலும் இது இளைத்ததில்லை. பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானின் சுழற்சி காந்தப்புலத்தில் தலையாட்டிச் சுற்றுகிறது, வினாடிக்குப் பல நூறு கோடி தடவை. மட்டமான பொருளில் சீக்கிரமே சாய்ந்துவிடும், நல்ல பொருளில் நின்று சுற்றும். இந்தப் படலத்தில் 10 கிகாஹெர்ட்ஸ் பக்கம் அளந்தால் ஒத்ததிர்வுக் கோட்டின் அகலம் சுமார் 1 காஸ்தான் வருகிறது. காஸ் என்பது காந்தப்புலத்தின் அளவு; கோட்டின் அகலம் குறையக் குறையப் பம்பரம் அதிக நேரம் நிற்கும். நம்ம ஊரில் பூமியின் காந்தப்புலமே ஏறத்தாழ 0.4 காஸ். கார்னெட்டோடு தோளோடு தோள் நிற்கும் அளவு இது. மின்னூட்டத்துக்குப் பதில் சுழற்சியை வைத்தே தகவலைக் கடத்தும் ஸ்பின்ட்ரானிக்ஸ்காரர்கள் இதன் மேல் கண் வைத்திருப்பது இதனால்தான்.

சரி, இவ்வளவு நல்ல பொருளுக்கு என்ன குறை? காற்று. ஆக்சிஜனும் ஈரமும் பட்டால் சில மணி நேரத்தில் காந்தம் செத்துவிடும். அதனால் எல்லா வேலையும் குளோவ் பாக்ஸுக்குள், அதாவது கையுறை வழியாகக் கை விட்டு வேலை செய்யும் மூடிய பெட்டிக்குள், எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவில்தான் நடக்க வேண்டும்.

களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ் ஏறி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். இடவப்பாதி மழை அடித்துப் பெய்த ஒரு ஜூன் மாதம். எங்கள் மாணவி, மார்த்தாண்டத்துப் பிள்ளை, மூன்று வாரம் உழைத்து நல்ல படலம் ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். ஆர்கான் சிலிண்டர் பில் நான்கு மாதமாக நிலுவை. கேட்டால் "அடுத்த ஆழ்ச்ச" (அடுத்த வாரம்) என்ற ஒரே பதில். கையிருப்பில் இருந்த கடைசி சிலிண்டர் ராத்திரியில் தீர்ந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே வாயு நிறைந்திருந்தால் அந்தக் கறுப்புக் கையுறைகள் விடைத்து, வெளியே கை நீட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு இரண்டும் துவண்டு உள்ளே தொங்கின. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டிய ஆக்சிஜன் மீட்டர் நூற்றுக்கணக்கில் காட்டியது. ஆனாலும் அளந்து பார்த்தோம். திரையில் ஒரு பள்ளம் விழ வேண்டிய இடத்தில் கோடு நேராகப் போனது. "அண்ணா, ஒண்ணுமே வரல்ல" என்றாள். அப்புறம் அன்று முழுக்க அவள் பேசவில்லை.

பல லட்சம் போட்டு வாங்கிய குளோவ் பாக்ஸ் அது. வாங்கிய அன்று ரிப்பன் வெட்டிப் படம் பிடித்தார்கள். சிலிண்டர் நிரப்பும் காசு அதன் பக்கத்தில் வைத்தால் தூசு. கன்சூமபிள்ஸ், அதாவது தீர்ந்துபோகும் பொருள்களுக்கான செலவு, என்று ஒரு தலைப்பு எல்லா புராஜெக்ட்டிலும் இருக்கத்தான் செய்கிறது. நான் பார்த்தவரை, கடைசியில் வருவதும் முதலில் வெட்டுப்படுவதும் அந்தத் தலைப்புதான். எனக்கு இது கோபம் வருகிற விஷயம். கருவி வாங்குவதை ஆராய்ச்சி என்று நினைக்கிறோம். இந்தத் துறையில் ஆர்கான் சிலிண்டர்தான் ஆராய்ச்சியே.

2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. கார்னெட்டுக்கு வேண்டிய இட்ரியமும், அடியில் வைக்கும் படிகத்துக்கு வேண்டிய கடோலினியமும் அந்தப் பட்டியலில் இருந்தன. உடனே எல்லாரும் மணலைப் பற்றிப் பேசினார்கள். பேசட்டும், மோட்டார் காந்தத்துக்கு அருமண் வேண்டும்தான். அதே மூச்சில் இப்படி ஒரு பொருள் இருப்பதையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

இதை வீட்டுக் கொல்லையில் செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. இதைச் செய்யப் பயன்படும் வனேடியம் கார்பனைல் நச்சு; டெட்ராசயனோஎத்திலீன் ஈரத்தில் ஹைட்ரஜன் சயனைடு விடும். பயிற்சி வேண்டும், நச்சுப்புகையை உறிஞ்சும் ஃப்யூம் ஹூட் வேண்டும். ஆனால் பல நூறு கோடித் தொழிற்சாலை வேண்டியதில்லை. படலத்தைக் காப்பாற்றும் வழியைக்கூட 2015இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு எளிமையாகவே காட்டியது. மேலே கண்ணாடித் துண்டை வைத்து எபாக்சிப் பசையால் மூடினார்கள், ஒரு மாதம் தாங்கியது. ஒழுங்காக ஆர்கான் வந்தால் நாகர்கோவிலிலும் நெய்யாற்றின்கரையிலும் இதைச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

புராஜெக்ட் எழுதும் பேராசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், கருவி விலைக்குப் பக்கத்திலேயே மூன்று வருட வாயுச் செலவையும் எழுதி, முதல் தவணையிலேயே கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை சிலிண்டர் ஆகும், வடிகட்டியை எப்போது மாற்ற வேண்டும், கையுறை எத்தனை மாதம் உழைக்கும் என்று அந்த இரண்டு வருடமும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.