லேமினேஷன் கடைக்கு கொண்டு போறதுக்கு முன்னாடி

கீரிப்பாறை, மணலோடை, கோதையாறு பக்கம் போறவங்க எல்லாரும் ரப்பர் மரத்தையும் ஆத்தையும் போட்டோ எடுத்து போடுதாங்க, கொள்ளாம். ஆனா அந்த மரத்துல விடியதுக்கு முந்தியே பால் வெட்ட இறங்குன குடும்பங்க எங்க இருந்து வந்ததுன்னு கேட்டா நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுலயே பலருக்கு தெரியாது.

இலங்கை மலைத் தோட்டங்கள்ல வேலை பாத்த இந்திய வம்சாவளி தமிழங்க யாரு எந்த நாட்டுக்குன்னு 1964 அக்டோபர்ல அந்த நாட்டு பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க. 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இலங்கைக்குன்னு மனுசங்கள பங்கு பிரிச்சாங்க, மிச்சம் இருந்தவங்க கணக்கை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்க. அப்படி கப்பல்ல வந்த குடும்பங்கள்ல கொஞ்ச பேருக்கு இங்க அரசு ரப்பர் தோட்டத்துல வேலை குடுத்தாங்க, 1984ல அது அரசு ரப்பர் கழகம்னு ஆச்சு. அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி அசம்பு மலையில வெள்ளைக்காரன் காப்பி போட்ட காலத்துலயே தோட்ட வேலைக்கு ஆளு ஏறியிருக்கு, அது தனி கதை. 1956 வரைக்கும் நாம திருவிதாங்கூர், கடைசில திருவிதாங்கூர்-கொச்சி ஆச்சே, அந்த பழைய கதைக்கு திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துல தான் போய் தேடணும்.

தேடி கிடைச்சாலும் அது துரைமாரோட கணக்கு தான். செக்ரோல்ல, அதாவது எஸ்டேட் ஆள் வருகை, கூலி பதிவேட்டுல, ஆளோட பேரு, நம்பர், எத்தனை நாள் வேலை, முன்பணம் எவ்வளவு பிடிச்சாங்க, அவ்வளவு தான். அதையாவது வச்சிருக்காங்களான்னா எனக்கு தெரிஞ்ச ஒரு எஸ்டேட்ல ஆபீசுக்கு வெள்ளை அடிக்கப்ப பழைய செக்ரோல் கட்டு அப்படியே ஆக்கர் கடைக்கு எடைக்கு போச்சு, ஒருத்தரும் ஏன்னு கேக்கல.

அதனால தான் சொல்றேன், உண்மையான ஆவணம் இருக்கது லைன் வீட்டு (தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையா கட்டுன வீடு) டிரங்குப் பெட்டியில தான். எங்க லைன்ல ஒரு அம்மச்சி, இலங்கையில இருந்து வந்தவங்கள முதல்ல தங்க வச்ச மண்டபம் கேம்புல குடுத்த குடும்ப அட்டைய பாலித்தீன் கவர்ல சுத்தி சேலைக்கு அடியில வச்சிருக்கு. போட்டோவுல எல்லாரும் முறைச்சு பாத்துட்டு நிக்காங்க, கடைசி பையன் மட்டும் அசைஞ்சுட்டான், மூஞ்சி கலங்கி கிடக்கு. ஆனா அம்மச்சி பேசுறது முழுக்க அந்த போட்டோவுல இல்லாத மூத்த மகளை பத்தி தான், அவளை அங்கேயே கட்டிக் குடுத்தாச்சு, புருசன் வீட்டுக்கு இலங்கை பிரஜா உரிமை கிடைச்சதுனால அவ அங்கேயே நின்னுட்டா. கார்டை மட்டும் ஸ்கேன் பண்ணி வச்சா அப்படி ஒரு பிள்ளை இருந்ததே யாருக்கும் தெரியப்போறது இல்ல. அதனால பேப்பரை போட்டோ எடுக்கப்பவே பக்கத்துல போன்ல ரெக்கார்டிங்க போட்டுட்டு பேச விடுங்க, முக்கியமா பொம்பளைங்கள, ஆம்பளைங்க யூனியன் கதை தான் சொல்லுவாங்க (அதுவும் வேணும், சந்தா ரசீது இருந்தா எடுத்து வைங்க, கோயில் கொடைக்கு வரி பிரிச்ச நோட்டும், சர்ச் ஞானஸ்நான ரிஜிஸ்டரும் கூட).

தயவு செஞ்சு லேமினேஷன் மட்டும் பண்ணாதீங்க. நம்ம ஆளுங்களுக்கு எத பாத்தாலும் லேமினேட் போடணும், அந்த சூட்டுல பழைய பேப்பர் கெட்டுப் போயிரும், அப்புறம் பிரிக்கவும் முடியாது. பகல் வெளிச்சத்துல, ஃபிளாஷ் இல்லாம, முன்னும் பின்னும் எடுத்தா போதும். எடுத்த கையோட பேஸ்புக்ல போட்டுராதீங்க, இன்னைக்கும் சாதி சான்றிதழுக்கு அலையுத குடும்பங்களுக்கு அந்த பேப்பர் தான் ஆதாரம், நம்பர் எல்லாம் ஊர் பாக்க வேண்டாம்.

சிற்றாறு, மயிலாறு, கோதையாறு பக்கம் யாரு வீட்டுலயாவது அந்த மண்டபம் கார்டு இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை நானே வந்து எடுத்து பென்டிரைவ்ல போட்டு தாறேன்.