எரேமியா 29-இல் 11-ஆம் வசனம் மட்டும் இல்லை

சென்னையில் ஒரு கிறிஸ்தவர் வீட்டுக்குள் நுழைந்தால் பைபிளின் எரேமியா 29:11 வசனம் எங்கேயாவது கண்ணில் பட்டே தீரும். ஃபிரிட்ஜ் கதவில், ஹாலில் சட்டம் போட்டு, சாவிக் கொத்தில், சில நேரம் வாசலில் நிற்கும் ஆட்டோவின் பின் கண்ணாடியில். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து தட்டில் வைத்து நீட்டுகிற, புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டையில் அந்த வசனம் வந்துவிட்டால், வருஷமே நம்முடையது என்று ஒரு குதூகலம். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." எனக்கும் பிடித்த வசனம்தான். அதோடு எனக்குச் சண்டை இல்லை.

அட்டையில் ஏறாத மற்ற வசனங்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தைப் படித்தால்தான் அதன் காரம் தெரியும். அனனியா என்று ஒருவன், ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்க்க, "இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்று அறிவிக்கிறான். கொள்ளைபோன பாத்திரங்கள் வரும், ராஜா வருவார், போனவர்கள் எல்லாரும் வருவார்கள். கேட்க எவ்வளவு இதமாக இருந்திருக்கும்! அவன் இன்றைக்கு இருந்திருந்தால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் கொள்ளாமல் கூட்டம் வந்திருக்கும். எரேமியா சொன்னதோ எழுபது வருஷம். எங்கேயோ மூலையில் இல்லை, 11-க்கு நேர் மேலே 10-ஆம் வசனத்தில் இருக்கிறது. கடிதம் படிக்கக் கேட்ட நாற்பது வயதுக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருப்பார். அவர் ஊர் திரும்பப் போவதில்லை. அவருக்கு என்ன சொல்லப்பட்டது? வீடு கட்டிக் குடியிரு, தோட்டம் போட்டு அதன் பழத்தைச் சாப்பிடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு, நீ இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணு. இவ்வளவும் சொன்ன பிறகுதான் நம் ஃபிரிட்ஜ் வசனம் வருகிறது.

நம் சபைகளில் அனனியாவின் இரண்டு வருஷத்துக்கு இருக்கிற மவுசு எரேமியாவின் எழுபது வருஷத்துக்கு இல்லை. ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தைக் கவனியுங்கள். விசா கிடைத்தவர் எழுந்து நிற்கிறார். சொந்த ஃபிளாட்டுக்குச் சாவி வாங்கியவர், மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தவர், ஸ்கேனில் கட்டி இல்லை என்று வந்தவர் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். நாமும் மனசார ஸ்தோத்திரம் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே வரிசையில், வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் புருஷனை அழைத்துப் போகிற ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்திருக்க மாட்டார். சொல்வதற்கு அவரிடம் முடிவு ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால் அந்தக் கட்டடத்திலேயே பெரிய விசுவாசம் அவருடையதுதான். போன வாரம் மாதிரியே இந்த வாரமும் இருக்கும் என்று தெரிந்தே சேலை மாற்றிக்கொண்டு ஆராதனைக்கு வந்திருக்கிறாரே!

அவரைப் போன்றவர்களிடம் "விசுவாசம் பத்தலை, அதான் அற்புதம் நடக்கலை" என்று சொல்கிறவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தபோது, ஜெபிக்க வந்த ஒரு குழுவில் ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கா பாருங்க" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வந்த எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்கு டயப்பர் மாற்ற உள்ளே போனேன். அவர் சொன்னதைப் பற்றி இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு. பைபிளில் எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்த யோபுவின் சிநேகிதர்களாவது முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் என்னை நிமிர்த்தியது எங்கள் மூன்றாவது தெருவில் இருக்கிற ஒரு அக்கா. பெரிய ஜெப வீராங்கனை என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பதவியும் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் வருவார். செருப்பைக் கழற்றும்போதே, "நீ போய்ப் படு, நான் பாத்துக்கிறேன்" என்பார். அம்மாவின் கட்டிலில் ஒரு பழைய துண்டை விரித்து, வராத கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டுவார். வெட்டும்போது ஊர்க்கதை. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் யார் வீட்டுக் கல்யாணம், எந்தச் சபைத் தேர்தலில் யாருக்கும் யாருக்கும் அடிதடி, எல்லாம். அம்மாவுக்குப் பேச்சு வராது, ஆனால் தேர்தல் கதை வந்தால் ஒரு பக்கமாகச் சிரிப்பார். கிளம்பும்போது அக்கா அம்மாவின் நெற்றியில் கை வைத்து, "அப்பா, இந்தப் பிள்ளைக்கு இன்னிக்கு ராத்திரி தூக்கம் குடும்" என்பார். அவ்வளவுதான் ஜெபம். குணமாக்கும் என்றுகூடக் கேட்டதில்லை. ஒருநாள் கேட்டேன், "ஏன்க்கா, சுகம் கேட்டு ஜெபிக்க மாட்டேங்கிறீங்க?" என்று. "அதத்தான் எல்லாரும் கேக்காங்களே, நான் இத கேக்கேன்" என்றார்.

1 இராஜாக்கள் 19-ஐ நான் ஒழுங்காகப் படித்தது அந்த நாட்களில்தான். எலியா தீர்க்கதரிசி ஜெபித்து கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கின கதையை ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். அடுத்த அதிகாரத்துக்கு மட்டும் யாரும் கூட்டிப்போகவில்லை. ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடிப்போன எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். அவனுக்குப் பிரசங்கம் வரவில்லை, கண்டிப்பும் வரவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வந்தன. சாப்பிட்டான், மறுபடியும் படுத்துக்கொண்டான். தேவதூதன் இரண்டாம் தரம் எழுப்பி இன்னும் சாப்பிடச் சொல்கிறான், போக வேண்டிய தூரம் அதிகம் என்று. கேள்வி கேட்பதெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். பைபிளில் இப்படி ஒரு வரிசை இருக்க, நாம் ஏன் முதலில் கேள்வியையும் கடைசியில் சாப்பாட்டையும் வைத்துக்கொள்கிறோம்?

சாப்பாடு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் எங்கள் மாடி வீட்டு மாமி கொடுத்தனுப்பிய ரசம் சாதத்துக்குக் கணக்கே கிடையாது. அவர் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் உற்சவத்தைத் தவறவிடாதவர். எலியாவுக்கு அதற்கு முன்னால் காகம் அப்பம் கொண்டுவந்ததாகவும், அந்நிய ஊரான சாறிபாத்தில் ஒரு விதவை அவனுக்குச் சோறு போட்டதாகவும் அதே புத்தகத்தில் இருக்கிறது. ஆண்டவர் யார் கையில் கொடுத்தனுப்புவார் என்று நாம் தீர்மானிக்க முடியாது.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பன்னிரண்டு சீஷரில் நம் ஊருக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறவர் தோமா. சாந்தோமில் அவர் கல்லறை, சின்னமலையில் அவர் ஒளிந்திருந்த குகை, பரங்கிமலையில் அவர் கொல்லப்பட்ட இடம் என்று மரபு. கி.பி. 72 என்பார்கள். சரித்திரக்காரர்கள் வாதம் செய்யட்டும், நான் அதற்குள் போகவில்லை. என் கண் யோவான் 20-இல் நிற்கிறது. உயிர்த்த அன்று இயேசு வந்தபோது தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் சொன்னதை அவன் நம்பவும் இல்லை. காயத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று பட்டென்று சொல்லிவிட்டான். அடுத்த காட்சிக்கு எட்டு நாள் ஆகிறது. அந்த எட்டு நாளும் என்ன நடந்தது என்று எழுதவில்லை. எட்டாம் நாளில் சீஷர்கள் வீட்டுக்குள் இருந்தபோது "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்" என்று மட்டும் இருக்கிறது.

எனக்கு அந்த ஒரு வரி போதும். பத்துப் பேர் கண்ணால் பார்த்துவிட்டார்கள், ஒருவன் மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கிறான். "நீ அவிசுவாசி, வெளியே போ" என்று யாரும் தள்ளவில்லை. அவனும் கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை. அதே பாயில் படுத்து, அதே பாத்திரத்தில் சாப்பிட்டு எட்டு நாள் ஓட்டியிருக்கிறார்கள். நம் சபைகளில் அப்படி ஒரு ஆளுக்கு எத்தனை ஞாயிறு இடம் கொடுப்போம்? வாலிபர் கூட்டத்தில் ஒரு பையன் "எனக்கு ஜெபம் பண்ணவே வரலை" என்று சொன்னால், அவன் அம்மாவுக்கு அன்று சாயங்காலமே போன் போகிறது.

பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்ற வசனத்துக்கு வருகிறேன். எங்களை மாதிரி நெல்லை, நாகர்கோவில் பக்கமிருந்து வந்த கிறிஸ்தவர்கள் எத்தனை வருஷம் சென்னையில் இருந்தாலும் "ஊருக்குப் போகணும்" என்றுதான் பேசுவோம். கிறிஸ்மஸுக்கு ரயில் டிக்கெட், அசன விருந்து, தாத்தா கல்லறை எல்லாம் அங்கே. இங்கே இருப்பது வேலைக்கு. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் தண்ணீரில் நின்றபோது அந்தப் பேச்சு கொஞ்ச நாள் நின்றது. ஆலயங்களையும் மசூதிகளையும் கல்யாண மண்டபங்களையும் திறந்துவிட்டார்கள். போர்வை கேட்டு வந்தவரிடம் எந்த மதம் என்று யாரும் விசாரிக்கவில்லை. பொங்கலுக்குள் நாம் பழையபடி ஆகிவிட்டோம் என்பது வேறு விஷயம். ஞாயிறு பொது விண்ணப்பத்தில் "எங்கள் நகரத்துக்காகவும்" என்று ஒரு வரி இன்னும் வருகிறது. எங்கள் சபையில் அந்த வரிக்குத்தான் பாதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு வசனம் அனுப்பும் சித்தப்பாக்களை நான் கிண்டல் பண்ணவில்லை. சில நாள் அந்த ரோஜாப்பூ வசனம்தான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியிருக்கிறது. ஒரே ஒரு விண்ணப்பம். அனுப்பிய பிறகு ஒரு போன் போட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள்.

இதையெல்லாம் எங்கள் ஆயரிடம் ஒருநாள் கொட்டினேன். சாட்சி நேரத்தில் இன்னும் ஒன்றும் நடக்காதவர்களுக்கும் இடம் கொடுங்கள் ஐயா என்றேன். "ஆராதனை நீண்டுபோனா கமிட்டி என் கழுத்தைப் பிடிக்குமே" என்று சிரித்தார். ஆனால் அடுத்த திருவிருந்து ஞாயிறு அவரே அறிவித்தார், பதில் வராத ஜெபம் உள்ளவர்களும் எழுந்து சொல்லலாம் என்று. கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. அப்புறம் பின் வரிசையில் ஒரு பெரியவர் நின்று, "பையன் டிப்ளமோ முடிச்சு ரொம்ப நாளாச்சு, வேலை கிடைக்கலை. வீட்ல பேச்சே இல்லை. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இதற்கு ஸ்தோத்திரம் சொல்வதா வேண்டாமா என்று சபைக்கே தெரியவில்லை. ஆராதனை முடிந்ததும் அம்பத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர் அவரிடம் போய்ப் பையனின் நம்பரை வாங்கிக்கொண்டார். வேலை அமைந்ததா என்று இன்னும் தெரியவில்லை. பையன் இப்போது சனிக்கிழமை சாயங்காலம் கிரிக்கெட் ஆட வருகிறானாம், என் மகன் சொன்னான்.