சார் எப்படி இருக்கார்?

என் வீட்டுக்காரர் தனக்குப் பதிலாக அவர் கணக்கை நான் பார்த்துக்கொள்ள எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தோடு பேங்குக்குப் போவது இது நான்காவது தடவை. முதலில் நகல் செல்லாது, அசல்தான் வேண்டும். அசலைக் கொண்டுபோனால் லீகல் டிபார்ட்மென்ட் பார்க்கணும். லீகல் பார்த்ததும், பத்திரம் பழசு, இன்னும் ரத்து செய்யவில்லை என்று அவர் கைப்பட எழுதித் தரணும். அதையும் வாங்கிக்கொண்டு இன்று போய் நின்றேன்.

"சார் எப்படி இருக்கார்?"

கவுன்ட்டர்க்காரர் அக்கறையாக விசாரிக்கிறார் என்று ஏமாந்துவிட்டேன்.

"ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார். எழுந்திருக்க முடியாது."

"நினைவெல்லாம் தெளிவா இருக்கா?"

"தெளிவா இருக்கு."

"அப்போ அவரையே வரச் சொல்லுங்களேன் மேடம்."

"எழுந்திருக்க முடியாதுங்க. அதுக்குத்தானே பவர்!"

"அவ்வளவு முடியலையா? நினைவு இல்லேன்னா பவர் செல்லாது, தெரியும்ல?"

புரிகிறதா? அவர் நன்றாக இருந்தால் பவர் எதற்கு, அவரே வரட்டும். நன்றாக இல்லையென்றால் பவர் காலாவதி. புத்தி தெளிவாக இருந்து உடம்பு மட்டும் நகராத ஒரு இடுக்கு நடுவில் இருக்கிறது. பவர் பத்திரம் என்ற ஒன்றை எழுதுவதே அந்த இடுக்குக்காகத்தான். என் வீட்டுக்காரர் பத்து நாளாக அங்கேதான் படுத்திருக்கிறார், இவர்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

சட்டம் எனக்கும் தெரியும். சாதாரணப் பவர், கொடுத்தவருக்குப் புத்தி தவறினால் அன்றோடு முடிந்தது. இறந்துபோனாலும் அப்படியே. இங்கிலாந்தில் 2007லிருந்து 'லாஸ்டிங் பவர்' என்று ஒன்று இருக்கிறது, அது புத்தி தவறிய பிறகும் நிற்கும். மனைவிக்குப் புத்தி தவறும் வரை அலைக்கழிப்பதற்கு எந்த நாட்டிலாவது தனிப் பத்திரம் உண்டா?

"ஜாயின்ட் அக்கவுன்டா போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்லை மேடம்." பக்கத்து கவுன்ட்டரிலிருந்து இலவச ஆலோசனை. நல்லது. தாலி கட்டும்போதே வந்து சொல்லியிருக்கலாம்.

சரி, மேனேஜரைப் பார்க்கலாம் என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். உள்ளே கூப்பிட்டார். பத்திரத்தைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார், நிமிர்ந்து பார்த்தார்.

"சார் எப்படி இருக்கார்?"

வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினேன். வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதே, வலிக்குது" என்று கெஞ்சினார். அந்த நேரம் பார்த்து அவர் போனில் மெசேஜ்: அதே கணக்கிலிருந்து ஏதோ சேவைக் கட்டணம் பிடித்திருக்கிறார்கள்.

அதற்கு மட்டும் இவர்களுக்கு யார் பவர் எழுதிக் கொடுத்தது?